இடிப்பதா? புதுக்குவதா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, சகோதரர் இருவர் நமக்காகக் காத்து நின்றனர். மூத்தவர் திருப்பூரில் வேலை பார்ப்பவர். இளையவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். இருவர் முகத்திலும் வாட்டம் தெரிந்தது.

"சாமி, ஆத்தா இருக்கிற வீட்டை இடிக்கிறதா, வச்சிருக்கிறதான்னு எங்களுக்குள்ள ஒத்துப்போகலை. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் மூத்தவர்.

அவ்வீட்டை நாம் அறிவோம். நோயில் பூசுதலுக்கும் வீடு மந்திரிப்புக்கும் அவ்வழியே பலமுறை சென்றதுண்டு. குளத்தூர் வட்டாரத்தில், ஊரைவிட்டு விலகி, பாறைகள் தலைநீட்டும் ஒரு பொட்டல்வெளியில் அது தனியே நிற்கிறது. ஒரு புறம் வறண்ட கண்மாய். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் கருவேல முள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே பழமொழியன்று. ஆண்டுதோறும் காணும் காட்சி. இவர்களுடைய பாட்டனார், அருகிலிருந்த பாறையிலேயே கல் உடைத்து, சுண்ணாம்பும் மணலும் கலந்து, இரண்டடி கனத்தில் சுவர் எழுப்பி, பனங்கைகளின்மேல் நாட்டு ஓடு வேய்ந்த வீடு அது. வாசல்நிலையின் மேல், கல்லில் ஒரு சிலுவையும், அதன்கீழ் 1927 என்ற எண்ணும் செதுக்கப்பட்டிருந்தன.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தார் எவரும் மறந்திருக்கமாட்டார். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய அக்காற்று, கரையோடு நின்றுவிடாமல் மேற்கு நோக்கி நம் மாவட்டத்தின் ஊடே சென்றது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அன்றிரவு இக்கல்வீட்டின் கூரையில் பாதி பறந்தது, சுவர் அசையவில்லை. பறந்த பகுதிக்குத் தகரம் போட்டு, நனைந்த சுவருக்குச் சிமெண்டு பூசி, அப்போதைக்குச் சமாளித்தனர். ஆயின் மூன்று மழைக்காலம் கடந்தபின், பூசிய சுவரே முன்னிலும் ஈரமாயிற்று. உப்புப் பூத்துக் காரை உதிர்ந்தது. எழுபத்தெட்டு வயதுத் தாயாருக்கு இருமல் நிற்கவில்லை.

மூத்தவர் இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டவேண்டும் என்றார். இளையவருக்கு மனம் வரவில்லை. ஆயினும் காரணம் சொல்லத் தெரியவில்லை. தாயாரோ நம்மிடம், "என் மாமனார் கல்லுக் கல்லாச் சொமந்து கட்டுன வீடு சாமி. நான் கண்ணை மூடுன பொறவு என்ன வேணாலும் செஞ்சுக்கட்டும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாம் பொறியாளர் அல்லோம். ஆயினும் பழைய சிற்றாலயங்களையும் பங்கு இல்லங்களையும் பழுது பார்த்துப் பார்த்தே மூப்படைந்த காரணத்தால், வயதான கொத்தனார்களிடம் சில பாடங்களைக் கற்றிருக்கிறோம். இதே கேள்வி இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுவதால், அவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நார்த்தாமலை கூறும் செய்தி

அச்சகோதரர்களுக்கு நாம் முதலில் சொன்னது நார்த்தாமலையைப் பற்றியே. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் வழியில் சுமார் 17 கிலோமீட்டரில் உள்ளது அவ்வூர். அங்கே மேலமலை என்னும் மொட்டைப் பாறையின்மேல், காற்றுக்கு யாதொரு மறைவும் இன்றி, விசயாலய சோழீச்சரம் என்னும் கோயில் மேற்கு நோக்கி நிற்கிறது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முழுதும் கருங்கல். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

அக்கோயிலின் வாயிற்காவலர் சிற்பம் ஒன்றின் அடியில் ஒரு சிறு கல்வெட்டு உண்டு. அது கூறும் செய்தி இதுவே: சாத்தன் பூதி என்னும் இளங்கோவதி அரையர் இக்கற்றளியைக் கட்டினார். அது மழையால் இடிந்து அழிந்தது. பின்னர் மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினார்.

கற்றளி என்பது கல்லால் ஆகிய தளி, அதாவது கற்கோயில். புதுக்குதல் என்பது பழுதுற்றதை மீண்டும் செம்மையாக்குதல். பழையதை அகற்றிவிட்டுப் புதியதை வைப்பதற்கு அச்சொல் வழங்கவில்லை. நம் ஊர்ப் பெயரிலேயே 'புது' என்பது இருக்க, அச்சொல்லின் இப்பொருளை நாம் மறந்துவிட்டோம்.

இக்கல்வெட்டில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, கருங்கல்லாயினும் மழைக்குத் தோற்கும் என்பதை அக்காலத்தவர் மறைக்கவில்லை. மற்றொன்று, பொருளும் உழைப்பும் செலவிட்டுப் புதுக்கியவர், தமக்கு முன் கட்டியவரின் பெயரை முதலில் வைத்தார். தம் பெயரை அடுத்தே வைத்தார். அவர் அப்படிச் செய்யாதிருந்தால் சாத்தன் பூதி கட்டிய செய்தி அக்கோயிலில் நமக்குக் கிடைத்திராது.

சிமெண்டும் சுண்ணாம்பும்

நிற்க. கல்வீட்டிற்குப் பகை எது? காற்று என்றே பலரும் எண்ணுவர். காற்று கூரையைத்தான் எடுக்கும். சுவரைத் தின்பது நீர். அந்நீர் எவ்வழி வருகிறது என்று அறியாமல் பூசுவதெல்லாம் வீண் செலவு.

நாமும் அச்சகோதரர்களும் அனுபவமுள்ள கொத்தனார் ஒருவருடன் சென்று வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். மேற்குச் சுவரின் அருகே சென்றதும் அவர் நின்றுவிட்டார். ஆண்டாண்டாக ஆடிக் காற்று வாரிக் கொட்டிய மண், அச்சுவரின் புறத்தே ஏறத்தாழ இரண்டடி உயரத்துக்கு மேடிட்டிருந்தது. வெளியே தரை, உள்ளே இருந்த தரையைவிட உயரம்! ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அம்மண் உறிஞ்சி, சுவரின் காலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. வீட்டார் எவர் கண்ணிலும் அது படவில்லை; நாளுக்கு ஒரு பிடியாக வந்த மண் அல்லவா?

அடுத்தது சிமெண்டுப் பூச்சு. இதனைச் சற்று விளக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்துப் பூக்கிறது. அதனோடு மணல் சேர்த்துச் சுவரில் வைத்தபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. இதற்கு நாட்கள் போதா; மாதங்கள் வேண்டும். அவ்வாறு இறுகிய காரையில் நுண்ணிய துளைகள் எஞ்சுகின்றன. சுவருக்குள் சென்ற ஈரம் அத்துளைகளின் வழியே வெயிலில் வெளியேறிவிடும். ஆதலின் மழையில் நனைந்த சுவர், தை பிறந்ததும் உலர்ந்துவிடுகிறது.

இன்று நாம் வழங்கும் சிமெண்டு, 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் அதனைச் செய்யும் முயற்சி 1904-இல் சென்னையில் தொடங்கியது. எனவே நம் பாட்டன்மார் காலத்து நாட்டுப்புற வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்பையும் மண்ணையுமே நம்பி எழுந்தவை. வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர்த் தலத்தில் 1747-இல் கட்டப்பட்ட பெரியநாயகி அன்னை ஆலயமும் சிமெண்டு அறியாத காலத்தது.

சிமெண்டு தன்னளவில் குறையுள்ள பொருளன்று. புதிய தளத்திற்கும் தூணுக்கும் அதுவே தகும். ஆனால் சுண்ணாம்பால் கட்டிய ஈரச்சுவரின்மேல் அதைப் பூசினால், ஈரம் வெளியேறும் வழியை அடைத்தவர் ஆகிறோம். அடைபட்ட நீர் மேலே ஏறுகிறது. தன்னோடு மண்ணின் உப்பையும் சுமந்து செல்கிறது. நீர் உலரும் இடத்தில் உப்புப் பூக்கிறது. பூச்சு பிளந்து உதிர்கிறது. இவர்கள் வீட்டில் நடந்தது இதுவே. சுவர் கெட்டுப்போகவில்லை, மருந்தே நோயாயிற்று.

எப்போது இடிக்கலாம்?

பழையது எல்லாவற்றையும் காத்தே தீரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வீட்டைவிட உயிர் பெரிது. சுவர் வயிறு தள்ளி நின்றாலும், தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் பெரிதும் சாய்ந்திருந்தாலும், மூலைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தாலும், அஸ்திவாரம் ஒரு புறம் இறங்கியிருந்தாலும், தகுதியுள்ள பொறியாளரை அழைத்துக் காட்டவேண்டும். அவர் வாழத் தகாது என்றால் அதனை ஏற்கவேண்டும்.

விரிசல் கண்டவுடன் அஞ்ச வேண்டியதும் இல்லை. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசையிட்டு ஒட்டி, அருகில் தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி முழுதாய் இருந்தால், அது பழைய விரிசல். சுவர் தன் நிலையில் அமர்ந்துவிட்டது. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். தாமதியாமல் பொறியாளரை நாடுங்கள். இவ்வீட்டில் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார்; கண்ணாடியும் ஒட்டப்பட்டது. அது உடையவில்லை. மூத்தவர் மனம் அதன்பின்னரே அசைந்தது.

பணி நடந்த விதம்

முதற்பணியாக மேற்கே மேடிட்ட மண் அகற்றப்பட்டது. சுவரிலிருந்து நீர் விலகி ஓடுமாறு தரையைச் சாய்த்து, சற்றுத் தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டினர். இதற்கு ஆன செலவு கூலி மட்டுமே. ஆயினும் பணி முழுவதிலும் மிகுந்த பயன் தந்தது இதுவே என்பார் அக்கொத்தனார்.

பின்னர்ச் சிமெண்டுப் பூச்சை உளியால் மெல்லக் கொத்தி எடுத்தனர். கல்லிடுக்குகளில் இருந்த மட்கிய காரையைச் சுரண்டி, தூசி போக நீர் தெளித்து, புதிய சுண்ணாம்புக் கலவையை இறுகத் திணித்தனர். சுண்ணாம்பை முன்கூட்டியே குழியில் ஊறவைத்திருந்தனர். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம், அவ்வாறே சேர்த்தனர்.

காலத்தையும் ஆய்ந்தே தேர்ந்தனர். மழையில் சுண்ணாம்பு கரையும். ஆடிக் காற்றில் ஒரே நாளில் உலர்ந்து வெடிக்கும். ஆகவே தை, மாசி மாதங்களே தக்கவை. அப்போதும் பொட்டல் காற்றுக்கு அஞ்சி, பூசிய சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, பல நாட்கள் காலையும் மாலையும் நீர் தெளித்தனர். தெளித்தவர் வேறு யாருமல்லர், அந்தத் தாயாரே.

கூரையில் செய்த மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெருங்காற்று கூரையை அழுத்துவதில்லை. மேலே தடவிச் செல்லும்போது அதனைத் தூக்குகிறது. முதலில் கிளம்புவன ஓரத்து ஓடுகள். எனவே கைமரங்களைச் சுவரின்மேல் கிடக்கும் மரத்தோடு இரும்புப் பட்டையால் பிணைத்து, அம்மரத்தையும் சுவருக்குள் இறக்கிய கம்பியால் கட்டினர். ஓரங்களிலும் முகட்டிலும், நடுவே சில அடிகளுக்கு ஒன்றாகவும், ஓடுகளின்மேல் சுண்ணாம்புக் கலவையால் வரப்புப் போன்ற பட்டைகள் இட்டனர். தாழ்வாரத்தின் கூரையைப் பெரிய கூரையிலிருந்து பிரித்து வேறாக அமைத்தனர். புயலில் தாழ்வாரம் போனாலும் அது வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

மேற்கே, சுவருக்கு நெருங்காமல் தள்ளி, பனங்கொட்டைகளை ஊன்றினர். பனை வளர நெடுங்காலம் ஆகும். "யாருக்கு?" என்று மூத்தவர் கேட்டாராம். "ஒங்க பாட்டன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, ஒனக்குப் பனங்கை கெடைச்சிருக்குமா?" என்றாராம் தாயார்.

செலவைப் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். பழைய வீட்டைப் புதுக்குவது மலிவான காரியம் என்று நம்பி இறங்காதீர்கள். பொருளுக்கு ஆவது குறைவு. கூலிக்கு ஆவது மிகுதி. சுண்ணாம்பு வேலை அறிந்த கைகள் குறைந்துவருகின்றன. அச்சகோதரர்கள் முதல் தையில் சுவரும், மறு தையில் கூரையுமாக இரண்டு ஆண்டுகளில் பகுத்துச் செய்தனர். முதலாண்டுக் கணக்கைக் கண்டு, இருவருக்குமிடையே ஒருமுறை கடுஞ்சொல்லும் எழுந்தது. பின்னர், சுவர்ச் செலவை இளையவரும் கூரைச் செலவை மூத்தவரும் ஏற்பதென முடிவாயிற்று.

ஆள் வாழும் வீடே நிற்கும்

கல்வீடு காற்றுக்கும் மழைக்கும் தப்பி நிற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு என்னும் சிற்றூரில் பெத்தக்கல் பங்களா என்ற பழைய கல்வீடு ஒன்று உள்ளது. கோயம்புத்தூர் ஆட்சியராய் இருந்த ஜான் சல்லிவன், 1819-இல் மலையேறி வந்து அமைத்தது. அவரே பின்னர் உதகையிலும் ஒரு கல் பங்களாவைக் கட்டினார். உதகைக் கட்டடம் அலுவலகமாகவும் கல்லூரியாகவும் பயன்பட்டு, ஆள் நடமாட்டம் மாறாமல் நிலைத்தது. கன்னேரிமுக்கு வீடோ கைவிடப்பட்டுப் பாழாயிற்று. பின்னர் அது செப்பனிடப்பட்டு, 2002 முதல் சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரி ஆவண மையமாகவும் விளங்குகிறது. மீண்டும் ஒரு பயன் கிடைத்தபின்னரே அதற்கு உயிர் வந்தது.

நம் மாவட்டத்திலேயே திருமயத்தை அடுத்த கடியாபட்டியில் சிதம்பர விலாசம் என்னும் செட்டிநாட்டு மாளிகை புதுக்கப்பட்டு, விருந்தினர் தங்கும் விடுதியாக உள்ளது. அதே வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளையும் காணலாம். ஒரே காலத்துச் சுவர், ஒரே தேக்கு. ஒன்றில் காலையில் கதவு திறக்கிறது, மற்றொன்றில் திறப்பதில்லை. உடைந்த ஓடு ஒன்றை அன்றே மாற்ற ஓர் ஆள் இருந்தால் ஒரு ஓட்டோடு போகும். இல்லையேல் அத்துளை வழியே வரும் நீர் விட்டத்தை மட்கச் செய்து, சில ஆண்டுகளில் கூரையையே வீழ்த்தும்.

நம் குடும்பங்கள் மாளிகை உடையவை அல்ல; விடுதி நடத்தவும் போவதில்லை. ஆயினும் அச்சகோதரர்களுக்கு நாம் இறுதியாகக் கேட்ட கேள்வி இதுவே: "வீட்டைப் புதுக்கிவிட்டீர்கள், நன்று. ஆத்தாளுக்குப் பின் இதன் கதவைத் திறப்பவர் யார்?" மூத்தவர் விடை கூறவில்லை. ஆனால் அடுத்த கோடை விடுமுறையில் தம் பிள்ளைகளை இரண்டு மாதம் அங்கே விட்டுச் சென்றார். இப்போது ஆண்டுதோறும் வருகிறார்கள். மழைக்கு முன் ஓடு மாற்றும் நாளில் மூத்தவரும் வந்துவிடுகிறார்.

வேலை முடிந்ததும், தம் பெயரைப் பளிங்குப் பலகையில் பொறித்து வாசலில் பதிக்க அவர் எண்ணியிருந்தார். வீடு மந்திரிக்க நாம் சென்ற நாளில் பலகை எதையும் காணோம். வாசல்நிலையின் மேல், பழைய சிலுவைக்கும் 1927 என்ற எண்ணுக்கும் கீழே, புதிய உளி வேலை தெரிந்தது: "புதுக்கியது 2023." அவ்வளவே. பெயர் இல்லை.

"நார்த்தாமலைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தோம் சாமி" என்றார் அவர்.

தாயாரின் இருமல் அந்த மழைக்காலத்தில் தணிந்திருந்தது. திண்ணையில் அமர்ந்து, பூச்சு உலர்ந்த சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகர்களே, உங்கள் பாட்டனார் கட்டிய சுவர் ஒன்று எங்கேனும் நனைந்துகொண்டு நிற்கிறதா? கடப்பாரையை எடுப்பதற்கு முன் ஒருமுறை சுற்றி நடந்து, நீர் எவ்வழி வருகிறது என்று பாருங்கள். பார்த்தபின் இடிக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தால் இடியுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் பாராமல் இடித்துவிடாதீர்கள்.